பெரட்டுக் களத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்

செமோரில் அந்தத் துரை பங்களாவுக்கு நான் போனதே மீ கோரெங் நூடுல்ஸுக்காகத்தான்.

பல்கலைக்கழகத்துச் சமயவியல் துறை வருடத்துக்கொரு முறை பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கண்காட்சி வைக்கும். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக நான் ஒன்றையும் தவறவிட்டதில்லை. குகைக்கோயில் படங்களா, வருவேன். குருத்வாரா சமையலா, முதல் ஆளாக வருவேன். பேராக் மாநிலத்தில் எனக்குத் தெரியாத சாமியே கிடையாது. எல்லா சாமி பேரிலும் சாப்பிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை சிலிபினிலிருந்து என் கப்சாய் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வெள்ளைக்கார மானேஜர் குடியிருந்த பங்களா அது. ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிச் சுற்றிலும் தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டிவிட்டார்கள். பங்களா மட்டும் மிச்சம். அதை வாங்கித் துறை தன் பெயர்ப்பலகையை மாட்டியிருந்தது. இப்போது கார் நிறுத்துகிற முற்றம்தான் தோட்டத்தின் பெரட்டுக் களம். விடிவதற்குள் கங்காணி பெயர் கூப்பிட, தோட்டமே வரிசையில் வந்து நிற்குமாம். எதற்கு என்று கேட்க முடியாது. கூப்பிட்டால் வந்தாக வேண்டும்.

வாசலில் காவலாளி சுகுமாரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இதே தோட்டத்தில் பிறந்தவன்.

“சாப்பாடு மத்தியானத்துக்குத்தான் தனேஸ் அண்ணே. இப்பவே வந்துட்டீங்க.”

“உன்னப் பாக்க வந்தேன்லா.”

“பொய் சொல்றதுக்குக் கவர்மெண்டு பென்ஷன் வேற குடுக்குது.”

அவன் கையிலிருந்த, எண்ணெயில் பொரித்த கரிபாப்பைப் பின்னாலிருந்து ஒரு கை பிடுங்கியது. அவன் மனைவி கலாதேவி. துறை அலுவலகத்தில் கிளார்க்.

“நெஞ்சுல கம்பி வச்ச ஆளுக்குக் கரிபாப் கேக்குதா? டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

நான் அந்தக் கரிபாப்பை வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டு, பிரச்சினையைத் தீர்த்து வைத்தேன்.

சுகுமாரன் அன்றைக்குக் குஷியாக இருந்தான். காரணம் அவன் அப்பா பத்துமலை. தோட்டத்து முனி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. கோயிலை இடித்தாயிற்று, பூசாரியும் போய்ச் சேர்ந்தார். ஆனால் குரல் மட்டும் தப்பித்துக்கொண்டது. துறைத் தலைவர் சாரதாதேவி மாணவியாக இருந்த காலத்தில் அவரைப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தார். இந்த வருடக் கண்காட்சிக்கு அதுதான் கிரீடம்.

“அப்பா குரலக் கேட்டு எவ்ளோ வருசமாச்சு,” என்றான் சுகுமாரன்.

பின்கட்டில் துரை சாப்பிட்ட அறையில் அதை வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் மழையில் ஊதித் திறக்க வராமல் போன அறை. ஈரச் சுவர் வாடைக்கு நடுவே இன்னொரு வாடையும் இருந்தது. புகையில் காய்கிற ரப்பர் ஷீட் வாடை. ரப்பர் போய் எத்தனையோ காலமாயிற்று. வாடைக்கு அது தெரியவில்லை.

மேசைமேல் சிவப்புத் துணி. அரிவாளோடு பத்துமலையின் படம். அதன் முன்னால் ஓர் ஒலிபெருக்கி, ஒரு சிவப்புப் பொத்தான்.

அமுக்கினேன்.

உறுமி இரைந்தது. செத்துப்போன மனிதர் அடித்தொண்டையில் கூப்பிட்டார். “வேலி தாண்டி வாய்யா... வெளக்கு வச்சேன் வாய்யா... முனியாண்டி, வாய்யா...”

டக்கென்று நின்றுவிட்டது.

“அவ்வளவுதானா மேடம்?”

சாரதாதேவி யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஈப்போவில் மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை. “பின்னுக்கு இன்னும் கிடக்கு. வந்த சாமிய மலையேத்தி அனுப்பிற பாட்டு. அது நல்ல நீளம். ஆர் நிண்டு கேக்கப் போகினம்? பவித்ரன் வெட்டிப்போட்டார்.”

ஒலிப்பதிவுப் பொறுப்பிலிருந்த பவித்ரன் பெருமையாகச் சிரித்தான். “ரீல்ஸ் மாதிரி இருக்கணும்லா அண்ணே. அப்பத்தான் பாப்பாங்க.”

“அப்ப கூப்பிடறது மட்டும் இருக்கு. அனுப்புறது இல்ல.”

“இது கண்காட்சி,” என்றார் சாரதாதேவி. “பூசை இல்லையே.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு தரம் அமுக்கினேன்.

பிறகு பாகான் செராயிலிருந்து ஒரு பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பேராக் ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி இருந்தது. ஒரு பிள்ளை அமுக்கும். பாட்டு முடிவதற்குள் அடுத்த பிள்ளை அமுக்கும். சாரதாதேவி விருந்தாளிகளுக்கு அமுக்கிக் காட்டினார். பவித்ரன் சத்தம் சரியா என்று பார்க்க அமுக்கினான். நான் தட்டோடு கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் முழங்கையால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுப் போனேன்.

“ஏண்ணே அதப் போயி அமுக்கிக்கிட்டே இருக்கீங்க?” என்று கலாதேவி கேட்டாள்.

வாய் நிறைய மீயோடு சொன்னேன். “சும்மாதான்லா.”

சுகுமாரன் வாசலை விட்டு வந்து அந்த அறைக்கதவில் சாய்ந்து நின்றான். முதலில் அப்பா குரலுக்குச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பொத்தான் ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் அவன் குதிகால் தரையிலிருந்து எழும்பி எழும்பி இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. காற்றாடிக்காகத்தான் அங்கே நிற்கிறான் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மழை பிடித்தது. சுண்ணாம்பு மலைகளே கரைந்துபோகிற மழை. பஸ் கிளம்பிப் போயிற்று. மத்தியானமே அந்திபோல் இருண்டது. கூடத்தில் மேடம், பவித்ரன், கலாதேவி, நான் மட்டும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

மின்சாரம் போனது.

காற்றாடி நின்றது. விளக்கு அணைந்தது.

நான் கடைசியாக அமுக்கிவிட்டு வந்த பாட்டு நிற்கவில்லை.

“வேலி தாண்டி வாய்யா...”

பவித்ரன் அறைக்குள் எட்டி வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பிடுங்கிய வயரை எங்களிடம் தூக்கிக் காட்டினான்.

“வெளக்கு வச்சேன் வாய்யா...”

பிறகு, யாரோ அதட்டியதுபோல், அதுவாகவே அடங்கியது.

அந்த அமைதியில் ஒரு மூச்சு கேட்டது. மாடு மூச்சுவிடுகிற மாதிரி.

சுகுமாரன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றிருந்தான். குதிகால் இரண்டும் தரையில் இல்லை.

“என்னங்க,” என்றாள் கலாதேவி.

அவன் திரும்பினான். கண்கள் இரண்டும் தே தாரிக் டீ கிளாஸ் அகலத்துக்கு இருந்தன. நான் கூட்டிச் சொல்கிற ஆள்தான், ஊருக்கே தெரியும். இதில் கூட்ட இடமில்லை.

“எத்தன தடவடா கூப்பிடுவீங்க?”

அது சுகுமாரன் குரலில்லை. அவன் அப்பா குரலும் இல்லை.

“கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்தேன். வந்து நின்னேன். ஒருத்தனும் ஏன்னு கேக்கல. தின்னுக்கிட்டு இருந்தீங்க.”

என் கையில் இன்னும் தட்டு இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தேன்.

கலாதேவி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள். அடுப்புச் சட்டியைத் தொட்டதுபோல் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. மறுபடியும் பிடித்தாள்.

“வீட்டுக்குப் போலாம், வாங்க.”

“என் வீட்ட இடிச்சுட்டீங்க. இனிமே இவன்தான் என் வீடு.”

சுகுமாரனின் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கி உதட்டைத் தொட்டது. சட்டைக்கு வெளியே தெரியும்படி நெஞ்சு துள்ளியது.

“மேடம், இவரு நெஞ்சு தாங்காது,” என்றாள் கலாதேவி கிசுகிசுப்பாக. “செத்துருவாரு. நீங்கதான கூப்பிட்டீங்க. அனுப்புங்க.”

சாரதாதேவி கைப்பேசியை எடுத்தார். “முழுப் பதிவும் இதிலை கிடக்கு. எலுமிச்சம்பழம் வேணும். சுருட்டும் வேணும்.”

எலுமிச்சைக்கு எங்கே போவது? மீ கோரெங்குக்கு வைத்த லீமாவ் கஸ்தூரி காய்கள்தான் இருந்தன, கோலிக்குண்டு அளவில். அதை வெட்டி வைத்தோம். சுருட்டுக்குப் பதிலாகப் பவித்ரன் தன் வேப் மின்சிகரெட்டை நீட்டினான். மாம்பழ வாசனை. முனி அதை முகர்ந்து பார்த்து, இரண்டு விரலால் நசுக்கிப் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது.

அது என்னைப் பார்த்தது.

சிரிப்பு போனது. அன்றைக்குப் போனது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கைப்பேசியில் பத்துமலை பாடத் தொடங்கினார். இந்தப் பாட்டு கெஞ்சியது. “மலையேறு அய்யா... வந்த வழி பாத்து மலையேறு அய்யா...” நீளம்தான். அவ்வளவு நீளத்துக்கும் நாங்கள் அசையாமல் நின்றோம். குதிகால்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கடைசி அடிக்கு முன்னால் அது கையை உயர்த்தியது.

கைப்பேசியில் பாட்டு நின்று, காத்திருந்தது.

“என் பூசாரி சொல்றான். போறேன்.” அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. கலாதேவியை மட்டும் பார்க்கவில்லை. “நீங்க கூப்பிட்டப்பல்லாம் நான் வந்தேன். இனிமே நான் கூப்பிடுவேன்.”

பாட்டின் கடைசி அடி ஒலித்தது. சுகுமாரன் கலாதேவியின் மடியில் சரிந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து, “அப்பா பாட்டு முடிஞ்சிருச்சா?” என்று கேட்டான். அவள் அவன் தோளில் இரண்டு அடி வைத்துவிட்டு அழுதாள்.

மறுவாரம் துறையின் இணையப் பக்கத்தில் செய்தி வந்தது. கண்காட்சி சிறப்பாக நடந்தேறியதாம். பொதுமக்கள் ஆர்வத்தோடு பொத்தானை அமுக்கிப் பயனடைந்தார்களாம். அதற்குள் துறை ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடிக்கு மாறியிருந்தது. பங்களாவைப் பூட்டி மின்கம்பியையும் அறுத்துவிட்டார்கள். நான் சிலிபின் சாப்பாட்டுக் கடையில் முனியைத் தென்னை மர உயரத்துக்கு ஏற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓசித் தேநீர் ஓடியது.

நேற்று மத்தியானம் சிலிப்பரை மாட்டிக்கொண்டு பேப்பர் வாங்கக் கிளம்பினேன். தூரத்தில் உறுமி கேட்டது. யார் வீட்டுச் சாவோ என்று நினைத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது காலுக்குக் கீழே செம்மண்.

செமோர். பங்களா முற்றம். கப்சாய் இல்லை. சிலிப்பர் தேய்ந்து அறுந்து, பாதம் ரத்தமாக இருந்தது.

நான் தனியாக இல்லை. பக்கத்தில் சாரதாதேவி, தலைமுடி அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவருக்கு அடுத்து பவித்ரன். அப்புறம் பிள்ளைகள். பாகான் செராய் எங்கே, செமோர் எங்கே. முழங்கால் வரை வயல் சேறு காய்ந்திருக்க, பள்ளிச் சீருடையில் வரிசை பிடித்து நின்றார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கிய எல்லோரும் இருந்தோம். சுகுமாரனும் கலாதேவியும் இல்லை. அவர்கள் அமுக்கவே இல்லை.

காலை நகர்த்திப் பார்த்தேன். நகரவில்லை.

பின்கட்டின் ஊதிப்போன ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருட்டில் சிவப்பாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

நாக்கைப் புரட்டி ஒருவாறு கேட்டேன். “எதுக்குக் கூப்பிட்டீங்க?”

மாட்டு மூச்சு. கொஞ்சம் மெல்லும் சத்தம். பிறகு வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு, என் குரலில், என்னுடைய இழுவையில் பதில் வந்தது.

“சும்மாதான்லா.”