உறவு என்றொரு கட்டம்

மதுரையில் இப்போதெல்லாம் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட முதலில் கைத்தரம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். எண்பதுக்குக் கீழே என்றால் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எல்லாம் நெஞ்சுவில்லை வந்த பிறகுதான்.

காசு அளவில் ஒரு வில்லை. ஒவ்வொரு குழந்தையின் மார்பிலும் ஒட்டியிருக்கும். இதயம் நின்றால் அலறும். பக்கத்தில் நல்ல கைத்தரம் உள்ளவர்களின் போன்களை வரிசையாக அடிக்கும். ஓடிவந்தவர் நெஞ்சை அமுக்கும்போது ஆழம் போதுமா, வேகம் சரியா, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ இடம் கொடுக்கிறாரா என்று அளந்து உடனுக்குடன் சொல்லும். அமுக்கிய விதத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போடும், அதுதான் கைத்தரம். சொல்கிற குரல் டாக்டர் திலகவதியுடையது. வில்லையை உருவாக்கியவளும் அவள்தான்.

அவள் போட்ட விதிகளில் ஊரே சண்டைக்கு வந்தது ஒன்றுக்குத்தான். பெற்றவர்கள் அமுக்கக் கூடாது. தலைப்பக்கம் போய் மூச்சுக் கொடுக்கலாம். பன்னிரண்டு வருடப் பதிவுகளில் அவள் கண்டது அது. பெற்றவர் கை எப்போதும் ஒரு விரற்கடை குறைவாகவே இறங்குகிறது. பிள்ளைக்கு வலிக்குமே, எலும்பு முறியுமே என்ற பயம். நின்றுபோன இதயத்துக்கு வலி ஏது? மூளைக்குத் தெரிவது கைக்குத் தெரிவதில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் ஓர் அம்மா அழுதபோது திலகவதி அசையவில்லை. "என் மக விழுந்தாலும் இதே விதிதான்" என்றாள்.

சொன்னவள் வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தாள். மகள் இதழினியின் வில்லையைப் பதியும்போது, தன் பெயருக்கு எதிரே உறவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். தாய் என்று எழுதினால் வில்லை அவளையும் அமுக்க விடாது. தொழில், மருத்துவர். கைத்தரம், தொண்ணூற்றேழு. அது போதும் என்று நினைத்தாள். மற்ற அம்மாக்களின் கையும் என் கையும் ஒன்றா என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, குடியிருப்புக்குப் பின்னால் இருந்த இறகுப்பந்து மைதானத்தில், ஒன்பது வயது இதழினி ஒரு பந்துக்கு எம்பினாள். இறங்கியவள் அப்படியே சரிந்தாள். வில்லை அலறியது. முதலில் அடித்தது, பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த திலகவதியின் போன். அடுத்தது தெருவுக்கு எதிர்ப்புறம் பரோட்டாக் கடையில்.

திலகவதி மண்டியிட்டு அமுக்கத் தொடங்கினாள்.

"ஆழம் பத்தலை" என்றது அவளுடைய குரல்.

இன்னும் அமுக்கினாள். அவளைப் பொறுத்தவரை முழுபலத்தோடுதான் அமுக்கினாள்.

"ஆழம் பத்தலை. பயப்படாம அமுக்குங்க."

யாருக்கு பயம்? அவளுக்குக் கோபம் வந்தது. உள்ளங்கைக்கு அடியில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட அதே விலா. கை அந்த இடத்திலேயே நின்றது, அதற்கு மேல் இறங்க மறுத்தது.

"இது பெத்தவங்க கை" என்றது வில்லை. "தலைப்பக்கம் போய் மூச்சு குடுங்க. அடுத்தவர் வந்துட்டார்."

வில்லையை அணைக்கும் பொத்தானைத் தேடிவிட்டாள் ஒரு கணம். அப்படி ஒன்று கிடையாது. மருத்துவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டபோது முடியாது என்று சொன்னவளும் அவள்தான்.

"தள்ளுங்கம்மா, நான் பாத்துக்கறேன்." முழங்கை வரை மைதாமாவோடு வந்து உட்கார்ந்தார் பரோட்டா மாஸ்டர் சிக்கந்தர். தினமும் நாற்பது கிலோ மாவு பிசைகிற கை.

"சரியான ஆழம். சரியான வேகம். அப்படியே செய்யுங்க" என்றது வில்லை. தன் குரலை இவ்வளவு இனிமையாகத் திலகவதி அதற்குமுன் கேட்டதில்லை. பதினைந்து அமுக்கலுக்கு ஒருமுறை குனிந்து இரண்டு மூச்சு ஊதினாள். அந்த வேலையில் அவளிடம் வில்லை ஒரு குறையும் காணவில்லை.

"டாக்டரம்மா, ஏதோ நொறுங்கற மாதிரி இருக்கே..." சிக்கந்தருக்கு மூச்சு வாங்கியது.

"உடைஞ்சா ஒட்டிக்கும்ணே! விடாம அமுக்குங்க!"

ஏழாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்து ஒரே ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தது. எல்லாரும் வில்லையைப் பார்த்தார்கள். "இதயம் துடிக்குது" என்றது அது. திலகவதி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சிக்கந்தரும் அழுதார், கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மாவானது.

நாலாம் நாள் வார்டில் இதழினி, விலா வலிக்கிறது என்றும் பரோட்டா வேண்டும் என்றும் மாறி மாறி நச்சரித்துக்கொண்டிருந்தாள். சிக்கந்தர் பொட்டலத்தோடு வந்திருந்தார்.

"சால்னா கூடாதுன்னுட்டாங்க பாப்பா. வெறும் பரோட்டாதான். எனக்கு தொண்ணூத்தியாறு வந்திருக்கு, பாத்தீகளா டாக்டரம்மா? எம் பொண்டாட்டி சொந்தக்காரங்க பூராப் பேருக்கும் அனுப்பிட்டா."

"பாத்தேண்ணே. என்னது அம்பத்தெட்டு."

அவர் அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்தார். திலகவதி சிரித்துவிட்டு, வில்லை போனுக்கு அனுப்பியிருந்த அறிக்கையின் மிச்சத்தையும் படித்தாள். கடைசியில் ஒரு வரி இருந்தது.

"உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது. அமுக்கிய ஆழத்தை வைத்து நிரப்பியிருக்கிறோம். உறவு: தாய். சரிதானா?"

இதழினி ஒரு துண்டு பரோட்டாவைப் பிய்த்து அம்மாவின் வாயருகே நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு, 'சரி' என்ற இடத்தில் திலகவதி விரலை நன்றாக அழுத்தினாள்.