டாக்டர் வீட்ல இல்ல

ரத்தினசாமி டாக்டரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள், சாயங்காலம் நாலு மணி வெயிலில், பூட்டிக் கிடந்த முன்னறையிலிருந்து வாழையிலை அவியும் வாசனை வந்தது. சண்முகத்தாய் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது.

அந்த முன்னறைதான் அவருடைய ஆஸ்பத்திரி. ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு முதன்முதலாக வந்த எம்.பி.பி.எஸ். அவர். பட்டாசு ஆபீஸில் மருந்து வெடித்து வெந்துபோய் வருகிறவர்களுக்குக் கட்டுத்துணி போதாத அந்தக் காலத்தில், வாழையிலையை ஆவியில் அவித்து, தோல் உரிந்த இடங்களில் நோகாமல் போர்த்துவார். இலையை அவித்துக் கொடுத்தது மனைவி சண்முகத்தாய்தான்.

வாசனையோடு இப்போது சத்தமும் வந்தது. எவர்சில்வர் தட்டில் கத்தரிக்கோலை வைக்கும் சத்தம், பழைய மேசையின் கால் தரையில் உரசும் சத்தம், பிறகு பதினாறு நாளுக்கு மேலாக இந்த வீட்டில் கேட்காத அந்தக் கனைப்பு.

"பொறுத்துக்கோ தாயி. இந்தா முடிஞ்சிரும்."

அவர் குரல். பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகைதான் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பூட்டில் நுழைக்கும்போது உள்ளே ஒரு பெண் பேசினாள்.

"எம்புட்டு நேரமானாலும் இருக்கேன் அய்யா. பிள்ளைய மட்டும் பாருங்க."

சண்முகத்தாயின் கை நின்றுவிட்டது. அது வீரலட்சுமியின் குரல்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி சீசன். மூன்று நாள் கண்மூடாமல் கட்டுப்போட்ட டாக்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் படுத்திருந்தார். உடம்பெல்லாம் வெந்து, ஈரச்சேலையில் சுற்றிய ஆறு வயது மகளோடு வீரலட்சுமி வாசலில் நின்றாள்.

"டாக்டரய்யா இருக்காகளா?"

"வீட்ல இல்ல. விருதுநகர் போயிருக்காக" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் சண்முகத்தாய்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே பிள்ளை போய்விட்டது. அடுத்த மாதம் வீரலட்சுமியும் கிணற்றில் கிடந்தாள்.

புருஷனைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. சாகிறவரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்தப் பிள்ளைய ஏன் இங்கன தூக்கிட்டு வரல, சம்முகம்?"

இப்போதும் உள்ளே அதையேதான் கேட்டார்.

"ஏம்மா அன்னைக்கு இங்கன வரல?"

"வந்தேன் அய்யா."

சத்தமெல்லாம் நின்றது. வாசனை மட்டும் இருந்தது. வாழையிலை வாசனைக்கு அடியில் வேறொன்று. பச்சை மாமிசம்.

"சம்முகம். உள்ள வா."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

திறந்தாள்.

மேசைமேல் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவர் குனிந்திருந்தார். கையில் இலை இல்லை. தோல். பிள்ளையின் நெற்றி, வயிறு, முழங்கால் எல்லாம் போர்த்தி முடித்திருந்தார். அவர் இடது புஜத்தில் இருந்த அம்மை குத்திய தழும்பு இப்போது பிள்ளையின் கன்னத்தில் இருந்தது.

அவர் திரும்பினார். தலையிலிருந்து கால்வரை சிவப்பு.

"பாதத்துக்குப் பத்தல சம்முகம்."

வீரலட்சுமி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

சண்முகத்தாய் உட்கார்ந்தாள். வளையல் கழற்றிய கையை நீட்டினாள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அவளுக்கு வலிக்கக் கூடாதென்று, பிள்ளை குனிந்து அந்தக் கையில் மெல்ல ஊதியது.