நேரப் பெட்டி

பதிவேட்டு அக்கா அடித்தது 16:10. டேப் பட்டனைத் தட்டியதும் திரையின் நேரப் பெட்டியில் நின்றது 16:25.

"பாத்தியா? மத்தியானத்துலேருந்து இதே கூத்துதான். நான் ஒண்ணு சொன்னா இது ஒண்ணு சொல்லுது. என் வீட்டுக்காரர் மாதிரியே."

அக்கா இதைச் சொன்னது பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம். அவள் சிரித்தாள். கம்ப்யூட்டரில் படிவங்கள் செய்துகொடுப்பது அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பிணவறைக்கு முன்னால் இருந்த இந்தச் சின்ன அறைக்கு, உடல் வந்துசேரும் நேரத்தைப் பதியும் படிவத்தைத் திருத்தத்தான் வந்திருந்தாள். காலை ஏழா, மாலை ஏழா என்ற குழப்பம் வராதபடி இருபத்துநான்கு மணிக் கணக்கு. பதிந்ததை யாரும் அழிக்கக் கூடாது. பெயரையோ நேரத்தையோ மாற்ற மட்டும் செய்யலாம். அதுவும் கடந்துபோன நேரமென்றால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மேலாளர் கேட்டது இவ்வளவுதான். அவளும் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். இனி அவளாலும் படிவ அமைப்பைத் தொட முடியாதபடி அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பியும் விட்டார்.

"மேலேருந்து உடம்பு கிளம்பிடுச்சுன்னு போன் வந்ததும் நான் பதிஞ்சிடுவேன்" என்றாள் அக்கா. "அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

"இருங்க, ஒரு சோதனை போட்டுப் பாக்குறேன்."

சோதனைக்கு அவள் எப்போதும் போடுவது கணவன் பெயரைத்தான். பள்ளிக்கூடப் படிவத்தில் அவன் நூறு முறை ஃபெயில். கண்ணாடிக் கடைப் படிவத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கைப்பழக்கம், இடம் எது என்று கை யோசிக்கவில்லை. பெயரை அடித்து, நேரத்தைக் காலியாக விட்டு, டேப்பைத் தட்டினாள்.

18:40.

"யார் பேரு இது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அடிப்பாவி! போட வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

அப்போதுதான் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டது. தள்ளிக்கொண்டு வந்தவன் முகத்தைத் துடைத்தான். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுக்கா. வேர்த்து ஊத்திடுச்சு."

சுவர்க் கடிகாரம் நாலு இருபத்தைந்து.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். இரும்புக் கதவுக்குப் பின்னால் குளிர்பெட்டிகள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, பினாயில் வாசனைக்கு அடியிலிருந்து இனிப்பாக இன்னொரு வாசனை கசிந்து தொண்டையில் படிய, மினுக்கி மினுக்கி எரியும் குழல்விளக்கின் கீழே அக்கா அடுத்த உடலைப் பதிந்தாள். பெட்டி வேறு நேரம் காட்டியது. உடல் அந்த நேரத்துக்கு வந்தது. ஆறு மணிக்கு வந்த அதற்கடுத்ததும் அப்படியே. அதன்பின் அக்கா ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறரைக்குக் கணவன் அவளை அழைத்துப்போக பைக்கில் வருவதாகச் சொல்லியிருந்தான். போன் செய்தாள்.

"என்ன மேடம், வேலை முடிஞ்சுதா?"

"நீ வராதே. வீட்டுலயே இரு."

"பாதி வழி வந்துட்டேன். இங்க செம மழை."

"ஓரமா நிறுத்து. தயவுசெஞ்சு நிறுத்து. எங்கயும் நகராதே."

நேரத்தை அழித்துப் பார்த்தாள். பெட்டி காலியாகி, மறுபடி 18:40 என்றது.

"பேரை மாத்திட்டா?" அக்கா கிசுகிசுத்தாள்.

"யார் பேரைப் போடறது? உங்க பேரையா?"

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கர்சரை மணியின் மேல் வைத்து, மேல் அம்பை ஒரு தட்டு தட்டினாள். 19:40. எண்டர். பெட்டி ஏற்றுக்கொண்டது. பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை.

போன் அடித்தது.

"ஏய், நீ நிறுத்தச் சொன்ன இடத்துலயே ஒரு லாரி வந்து ஏறிடுச்சுடி! பைக் அப்பளம். நான் தம் அடிக்க ரெண்டடி தள்ளி நின்னேன், தப்பிச்சேன். ஆட்டோ பிடிச்சு வரேன், திட்டாதே."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கேட்கிறது. இந்தப் பெட்டி, சொன்னால் கேட்கிறது.

"இன்னும் ஏத்து" என்றாள் அக்கா. "ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?"

20:40. 21:40. 22:40. 23:40.

விரல் நின்றது. இதுவும் இன்றைக்குத்தான். இன்னும் ஒரே தட்டு. நள்ளிரவைத் தாண்டினால் நாளை. நாளைக்கு வந்து மறுபடி ஏற்றலாம். தினமும் வரலாம். ஆயுசு முழுக்க இந்த நாற்காலியிலேயே உட்காரலாம்.

தட்டினாள்.

00:40.

எண்டர்.

பெட்டி சாம்பல் நிறமானது.

ஏன் பூட்டிக்கொண்டது? கடந்துபோன நேரம்தானே பூட்டும்? அம்பை அழுத்தினாள். கீழ் அம்பு. மேல் அம்பு. அசையவில்லை.

பிறகு புரிந்தது. பெட்டியில் மணி இருக்கிறது, நிமிடம் இருக்கிறது. நாள் இல்லை. நாளை என்று ஒன்று அதற்குத் தெரியாது. பதிவு இன்றைய பக்கத்தில். நள்ளிரவு தாண்டிய நாற்பதாவது நிமிடம். இன்று. எப்போதோ முடிந்துபோன நேரம். அவன் உடல் அப்போதே இங்கே வந்துசேர்ந்துவிட்டது.

இன்று காலை அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள். வெதுவெதுப்பான தோள். முனகிக்கொண்டே எழுந்தான்.

இல்லை. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. படுக்கையில் அவன் பக்கம் கசங்கவே இல்லை.

இல்லை, எழுந்தான். பல் தேய்த்தான். பாட்டு வேறு பாடினான்.

இரண்டு காலைகளும் அவள் ஞாபகத்தில் இருந்தன. ஒன்று மங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா..."

அக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். "நான் பாக்கல" என்றாள். "நான் எதையும் பாக்கல."

இரும்புக் கதவு திறக்கும் சத்தம்.

தரையில் காலடி. செருப்பில்லாத காலடி. சளக். சளக்.

"மேடம், போலாமா? எவ்ளோ நேரமா காத்துட்டிருக்கேன்!"

அவன்தான். அதே கோணல் சிரிப்பு. புருவத்தில் வெள்ளையாக உறைபனி. உதடு நாவற்பழ நிறம். கால் கட்டைவிரலில் நூல். நூலின் முனையில் பிணத்துக்குக் கட்டும் பெயர் அட்டை நனைந்து தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

தான் செத்துப்போனது அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன் பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" பக்கத்தில் வந்து அவள் நெற்றியில் கை வைத்தான். அவன் முகம் மாறியது.

"ஐயோ, உடம்பு அனலா கொதிக்குதேடி" என்றான், உண்மையான கவலையோடு. "இப்படியே விடக் கூடாது. வா, குளிர்ச்சியா ஒரு இடம் இருக்கு."

கை நெற்றியை விட்டு நகரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.