எட்டாம் நாள் சாப்பாடு

மூன்றரை மணி ரயிலில் இரவிச்சந்திரன் ஏறியபோது பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வெளியே ஜனவரிப் பனி. வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, கையிலிருந்த துணிப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

அது அனுஜனின் இருக்கை. தங்கையின் புருஷன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். முதலில் ஏறுகிறவன் பை போட்டு மற்றவனுக்கு இடம் பிடிப்பான். ஐந்து வருஷப் பழக்கம்.

அனுஜன் செத்து அன்றைக்கு எட்டு நாள். வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவன் எழும்பவே இல்லை. இரவிச்சந்திரனுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மரத்துப்போய்த் திரிந்தான்.

பைக்குள் அனுஜனின் சில்வர் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. சோறு, புளி தூக்கலாக மீன்குழம்பு. செத்தவருக்கு எட்டாம் நாள் படைத்ததை ஆளில்லாத இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பாத்திரம் வீட்டுக்கு வரக்கூடாது. ஊரிலென்றால் சந்தியில் வைக்கலாம். இங்கே சந்தியில் சோறு வைத்தால் அபராதம் எழுதிவிடுவான்கள். அதனால் டோர்வல் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கும் மரங்களடி என்று முடிவானது.

"திரும்பிப் பாக்காதேங்கோ அண்ணை," என்று தங்கை சிவாஜினி வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள். "அவர் இனி அலையக்கூடாது. அது ஒண்டுதான் எனக்கு வேணும்."

"நான் பாத்துக்கொள்ளுறன், பிள்ளை."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: ரயிலின் கதகதப்பில் கண் சொருகி, டோர்வலில் பதறி எழும்பி, வெறுங்கையோடு இறங்கினான். பின்னால் கதவு மூடியது.

திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடிக்குள்ளே பை தெரிந்தது. ரயில் அதைக் கொண்டுபோய்விட்டது.

"வைச்சிட்டியளோ?" என்று சிவாஜினி கேட்டபோது "ஓம்" என்றான்.

அடுத்த நாள் அதே ரயிலில் கூட்டம். ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

மெல்ல ஒரு மணம் வந்தது. புளியும் மீனும்.

டிக்கெட் பார்க்கும் பெண் அவன் அட்டையைப் பார்த்து "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். பிறகு வெறும் இருக்கையைப் பார்த்தும் ஒரு "போன்ஜூர்" சொன்னாள். அங்கேயும் ஒரு அட்டையைப் பார்த்தவள்போலக் கொஞ்சம் பொறுத்து, "மெர்சி" என்று நன்றி சொல்லி நகர்ந்தாள்.

போன் அடித்தது. சிவாஜினி.

"அண்ணை, அவற்ற பெட்டி வாசலில இருக்கு."

அவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

"கழுவிக் கவிட்டு வைச்சிருக்கு. அவர் வேலையால வந்து வைக்கிற மாதிரி." அவள் குரலில் அழுகை இல்லை. "நீங்கள் வைக்கேல்லை, என்ன?"

ரயிலில் விட்டதையும் திரும்பிப் பார்த்ததையும் சொன்னான்.

"சரி," என்றாள் கடைசியில். "நாளைக்கு என்ன கட்டிவிட?"

அன்றிலிருந்து தினமும் கட்டிக் கொடுத்தாள். அவனும் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். அவன் வேலை முடிந்து திரும்புமுன் பெட்டி அவள் வாசலில் இருக்கும். இருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. இருபத்தைந்தாம் நாள் அவன்தான் வாய் திறந்தான்.

"முப்பத்தோராம் நாளுக்கு ஐயரைக் கூப்பிடுவம். அவனை அனுப்பிவிட வேணும், பிள்ளை."

"அவர் சாப்பிடுறார் அண்ணை," என்றாள் சிவாஜினி. "இருக்கட்டும்."

மறுநாள் அவளுக்குச் சொல்லாமல் ரயிலில் இருந்தபடியே ஐயருக்குப் போன் எடுத்து நாளைக் குறித்தான். பக்கத்து இருக்கையில் அனுஜனின் பெட்டி கனமாக, சூடாக இருந்தது.

மடியில், வேலைக்கென்று அவன் தனக்குச் சோறு கட்டிக்கொண்டுவந்த பை கிடந்தது. அதில் பாரமே இல்லை.

திறந்து பார்த்தான்.

அவனுடைய சொந்தப் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.