புள்ளி தொலைந்த தீவு

"இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்! காத்து திரும்புறதுக்குள்ள போயிட்டு வந்துடணும். வர்றீங்களா, இல்லையா?"

துடுப்புகளைப் படகில் போட்டபடி ஐலா அதட்டினாள். நறுமுகை மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் குதித்தாள். அவள் தம்பி பரிதியோ அதற்கு முன்பே ஏறி, முன்பக்க இடத்தைப் பிடித்துவிட்டான்! மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். பேசிக்கொள்வது ஃபின்னிஷ் மொழியில். இங்கே நமக்காகத் தமிழில்.

பின்லாந்தின் தென்மேற்குக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு நடுவே ஒரு பொடித் தீவு. அதில் ஒரே ஒரு ஊர். பெயர் கல்லோ. தமிழ்க் காதுக்கு யாரோ 'கல்லோ?' என்று சந்தேகம் கேட்பதுபோல இருக்கும். சந்தேகமே வேண்டாம், கல்லேதான்! வீட்டுக்குப் பின்னால் பாறை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாறை. நறுமுகையின் அம்மாவுக்கு இந்தத் தீவில் நர்ஸ் வேலை கிடைத்துக் குடும்பமே வந்து இறங்கியபோது, "திண்டுக்கல்லை விட்டு வந்தும் கல்லு நம்மள விடலையே!" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் ஃபின்னிஷில் கல்லோ என்றால் மண்டை ஓடு. இப்படி ஒரு பெயர் வாய்த்தால் ஊர் சும்மா இருக்குமா? எந்தக் காலத்திலோ ஒரு கடற்கொள்ளைக்காரனின் தலை இங்கே உருண்டதாம், அவன் கொள்ளையடித்த வெள்ளியெல்லாம் வடமுனையில் புதைந்து கிடக்கிறதாம். கதையை நம்பித் தாத்தாக்கள் தோண்டினார்கள், அப்பாக்கள் தோண்டினார்கள். கிடைத்தது முதுகுவலி மட்டுமே.

இப்போது அந்த வெள்ளி ஐலாவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. மழை பொய்த்ததில் ஊர்க் கிணற்றுக்குள் கடல் புகுந்துவிட்டது. குடிதண்ணீர் படகில் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் கடல் உறைந்தால் படகும் வராது. "தண்ணீர் இல்லாத ஊரில் எப்படி இருப்பீர்கள்? எல்லோரும் பெரிய கரைக்கு வந்துவிடுங்கள்" என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு. ஐலாவின் அப்பா தௌனோ அதற்குள் பாத்திரங்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கியிருந்தார். புதையல் கிடைத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வாங்கிவிடலாம், ஊர் காலியாகாது. இதுதான் ஐலாவின் திட்டம்.

"நேத்து வலை எடுக்கப் போனப்போ என் கண்ணால பார்த்தேன்" என்றாள் ஐலா, துடுப்பை இழுத்துக்கொண்டே. "காத்து கடலையே தள்ளி வச்சிருக்கு. எப்பவும் தண்ணி நிக்கிற பாறைப் பிளவு காஞ்சு கிடக்கு. உள்ள ஏதோ எழுத்து!"

"அக்கா, புதையல்ல எனக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டான் பரிதி.

"முதல்ல படகுல இருக்கிற தண்ணிய மொண்டு ஊத்துடா!"

வடமுனையின் செங்குத்துப் பாறை எதிரே எழுந்தது. நடுவில் கதவு திறந்ததுபோல ஒரு பிளவு! ஐலா படகை ஒரு கல்லில் கட்டினாள். மூவரும் வழுக்கும் பாறையில் கையூன்றி உள்ளே நுழைந்தார்கள்.

எழுத்துகள் இருந்தன! உளியால் கொத்திய பெரிய எழுத்துகள்: KALLO. கீழே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"கல்லோ!" என்று கத்தினாள் ஐலா. "மண்டை ஓடு! கொள்ளைக்காரனேதான் கொத்தியிருக்கான்!"

எழுத்துகளின் மேல்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. பரிதி அதை மோந்து பார்த்தான். "அம்மா பிரியாணிக்குப் போடுற கல்பாசி மாதிரியே இருக்குக்கா!"

நறுமுகை அதைத் தடவிப் பார்த்தாள். விரல் சட்டென்று ஒரு குழியில் இறங்கியது. பக்கத்திலேயே இன்னொரு குழி. புள்ளியோ? ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவிடம் தமிழ் எழுதிக் காட்டுவாள். 'கல்' என்று எழுதச் சொன்னால் 'கல' என்று எழுதி நீட்டுவாள். "புள்ளி எங்கடி?" என்ற அதட்டல் கேட்காத வாரமே கிடையாது. புள்ளியை விட்டுவிட்டுத் திட்டு வாங்குகிற விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை!

"ஐலா, கத்தியக் குடு!"

பாசி உதிர உதிர, இரண்டாவது எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. கடைசி எழுத்தின் தலையிலும் இரண்டு! KÄLLÖ.

ஐலா வாய்க்குள் படித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "புள்ளி வச்சா இது ஃபின்னிஷே இல்ல. ஸ்வீடிஷ்! நம்ம ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்வீடிஷ் பேசுற மீனவங்க இங்க இருந்தாங்களாம். அவங்க வச்ச பேரு போல. பின்னால வந்தவங்க புள்ளி இல்லாமப் படிச்சு, மண்டை ஓடுன்னு நினைச்சிருக்காங்க." அவள் குரல் உடைந்தது. "அப்போ கொள்ளைக்காரனும் இல்ல, வெள்ளியும் இல்ல. எல்லாம் பொய்! நாம எல்லாரும் ஊரை விட்டுப் போயிட வேண்டியதுதான்."

ஐலா அழுது நறுமுகை பார்த்ததே இல்லை.

"சரி, புள்ளியோட படிச்சா என்ன அர்த்தம்?"

"ஸ்வீடிஷ்ல இதைச் 'செல்லோ'ன்னு படிக்கணும். செல்லான்னா ஊற்று. ஓன்னா தீவு" என்று மூக்கை உறிஞ்சினாள் ஐலா. "ஊற்றுத் தீவு. போதுமா?"

சொன்னவள் அப்படியே நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் அம்புக்குறியைப் பார்த்தார்கள்.

"ஊற்று!"

"அக்கா, என் ஷூவெல்லாம் தண்ணி!" என்று அலறினான் பரிதி.

காற்று திரும்பிவிட்டது! தள்ளி நின்ற கடல் விறுவிறுவென்று பிளவுக்குள் ஏறியது. அலை அடித்த அடியில் கயிறு அவிழ்ந்து, படகு தன்பாட்டுக்கு வெளியே மிதந்து போனது.

"மேல ஏறுங்க!" என்று கத்தினாள் ஐலா. "பரிதி, நீ முன்னால!"

பாறையின் இரண்டு பக்கமும் காலை உதைத்து உதைத்து ஏறினார்கள். நடுவழியில் பரிதி சறுக்கினான். ஐலா அவன் மிதவைச் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளவின் உச்சியில் கற்குவியல் ஒன்று வழியை அடைத்துக் கிடந்தது. புதையல் தோண்டியவர்கள், தோண்டிய கல்லையெல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் கொட்டியிருந்தார்கள்! குவியலின் மேல் ஊர்ந்து, மூச்சிரைக்க மேலே விழுந்தார்கள்.

சுற்றிலும் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. அந்தக் கற்குவியலின் இடுக்குகளில் மட்டும் பாசி பச்சைப்பசேலென்று இருந்தது!

"இங்கதான்! தூக்குங்க!"

கல்லைப் பெயர்த்தார்கள். நகம் உடைந்தது, விரல் சிவந்தது. அடியில் ஈரம். இன்னும் சில கற்கள். அப்புறம் சேறு. சேற்றுக்குள்ளிருந்து சலசலவென்று ஒரு சத்தம்! தெளிவதற்காகக் காத்திருந்தார்கள். பரிதிக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்தான்.

"உப்பே இல்ல!"

ஐலா இடுப்பில் தொங்கிய பாட்டிலில் அதை மொண்டுகொண்டாள். மூவரும் ஊருக்குத் தரைவழியே ஓடினார்கள். அங்கே படகுத்துறையில் ஊரே கூடி நின்றது. மிதந்து வந்த வெறும் படகைப் பிடித்துக்கொண்டு தௌனோ கடலையே வெறித்துக்கொண்டிருந்தார். நறுமுகையின் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா!" என்று குரல் வந்தது முதுகுக்குப் பின்னால்.

அம்மா இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையாலேயே முதுகில் இரண்டு வைத்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? உசுரே போயிடுச்சு எனக்கு!"

ஐலா கலங்கல் தண்ணீர் இருந்த பாட்டிலை அப்பாவிடம் நீட்டினாள். தௌனோ ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"எங்க?"

"நீங்கல்லாம் கல்லு கொட்டின எடத்துல, அப்பா."

தௌனோ அதிகம் பேசும் ஆள் இல்லை. காது மட்டும் சிவந்தது. கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். ஊரே பின்னால் போனது. பொழுது சாய்வதற்குள் கைக்குக் கை மாறி, பரம்பரை பரம்பரையாகக் கொட்டிய கல் அத்தனையும் வெளியே வந்தது. ஊற்று குபுகுபுவென்று பொங்கியது!

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதிகாரிகள் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். குடிக்க உகந்தது, ஊருக்குப் போதும் என்று பதில் வந்தது. தோண்டுவதற்கு முன்னால் ஊர்ப் பெயரை யாராவது ஒழுங்காகப் படித்திருந்தால் எத்தனை முதுகு தப்பியிருக்கும்!

பெயர்ப்பலகையில் நான்கு புள்ளிகளை வைக்கும் வேலை நறுமுகைக்குக் கிடைத்தது. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. பரிதி எண்ணிப் பார்த்தான்.

அன்று மாலை தௌனோ பெட்டியின் கட்டை அவிழ்த்தார். காபிக் கெட்டிலை வெளியே எடுத்து, ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, அடுப்பில் வைத்தார். ஐலா மற்ற பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இடத்திலேயே அடுக்கினாள்.