விரலில் நின்ற எண்

காலையிலிருந்து மாடியில் இருமல் சத்தம் கேட்கவில்லை. நல்லதுதானே என்று போர்கில்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காபிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றும்வரை காதை மாடிப்பக்கமே வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாளாக அந்த இருமலைத் திட்டித் தீர்த்தவள்; இப்போது அது இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

சமையலறை மேசையில் ஆஸ்பத்திரி கொடுத்த டேப்லெட் கம்ப்யூட்டரின் திரை எரிந்துகொண்டிருந்தது. மாடியில் தனியாகக் கிடக்கும் புருஷன் ஓட்வாரின் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறதோ, அதை அப்படியே வாங்கிக் கரையிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். 97. நேற்றும் 97. முந்தாநாளும் 97. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அந்த எண் முதலில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளுக்கு முன், முதல் அழைப்பில், ஓட்வாரின் விரல் மெஷினுக்குப் பிடிபடவில்லை. நாற்பது வருடம் குளிரில் மீன்வலை இழுத்துக் காய்த்துப்போன விரல். எண்ணுக்குப் பதில் வெறும் இரண்டு கோடுதான் வந்தது. திரையில் நர்ஸ் சில்யே காத்திருந்தாள். அவளுக்காக ஆறு தீவுகளின் நோயாளிகள் காத்திருந்தார்கள். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, போர்கில்ட் அதைத் தன் விரலில் மாட்டினாள். அவ்வளவுதான். "அட, தொண்ணூத்தியேழா! ஆளு கல்லு மாதிரி இருக்காரு. தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போனாத்தான் ஆஸ்பத்திரி படகை அனுப்புவோம்" என்று சில்யே அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தத் தீவுக்காரர்களின் பாழாய்ப்போன குணம் அது. உயிரே போனாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டார்கள். ஓட்வாரும் மூச்சு வாங்க அதையேதான் சொன்னான்: "விடுடி, ஒரு சளிக்குப் போய் படகைக் கூப்பிடுவியா? ஊரே சிரிக்கும்." பிறகு அவன் விரலிலேயே மாட்டிப் பார்த்தபோது 97 வந்தது. விரல் சூடாகிவிட்டது என்று நம்பினாள். தொற்றிக்கொள்ளும் என்பதால் அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது நர்ஸின் கண்டிப்பு. காலையில் கதவோரம் வைத்த மீன் சூப் ஆடை கட்டி அப்படியே இருந்தது. தட்டினாள். பதில் இல்லை. தூங்குகிறான் என்று இறங்கி வந்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணி. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. இந்த வடகோடியில் குளிர்காலத்துச் சூரியன் போய் மூன்று வாரமாகிறது. டேப்லெட் மணியடித்தது.

"எப்படி இருக்காரு நம்மாளு?" என்றாள் சில்யே.

"படகை அனுப்பும்மா. அவருக்கு முடியல." சொல்லும்போதே போர்கில்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு வந்த நம்பர் அவரோடது இல்ல. என் விரலு."

சில்யே தன் பக்கத்துக் கணக்கைப் பார்த்தாள். "சரி, அது அன்னைக்கு. நேத்து ராத்திரி வந்திருக்கு, இன்னைக்குக் காலையில வந்திருக்கு. அதெல்லாமும் உங்க விரலா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? இருக்கிறது ஒரே படகு. நடமாடுற மனுஷனுக்கு எப்படி அனுப்புவேன்?"

"நடமாடுறாரா?"

"உங்களுக்குப் பின்னாடிதானே நிக்கிறாரு! போர்வையைப் போர்த்திக்கிட்டு. மாஸ்க் போடச் சொல்லுங்க அவரை. நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூப்பிடுறேன்."

திரை அணைந்தது.

அவள் திரும்பவில்லை. ஈரக் கம்பளி வாடை முதலில் வந்தது, அதன்பின் மீனெண்ணெய் வாடை, அவன் சட்டைகளில் எத்தனை துவைத்தாலும் போகாத அதே வாடை. திரும்பினாள். யாரும் இல்லை. சாத்தி வைத்திருந்த மாடிப்படிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

ஏறினாள். ஒவ்வொரு படியும் முனகியது. சூப் கிண்ணத்தைத் தாண்டினாள். கதவைத் தள்ளினாள்.

"ஓட்வார்?"

சுவர்ப்பக்கம் முகம். தொட்டாள். ஜில்லென்று. மரக்கட்டை. இன்று போன உயிர் இல்லை அது.

கட்டிலுக்கு வெளியே ஒரு கை தொங்கியது. அதன் விரல் நுனியில் சிவப்பாக வெளிச்சம், விட்டு விட்டு, துடிப்பு மாறாமல். 97.

கழற்றினாள். தன் விரலில் மாட்டினாள்.

இரண்டு கோடு.

ஊதி ஊதி விரலைச் சூடாக்கினாள். மறுபடியும் மாட்டினாள். இரண்டு கோடு. அவன் விரலுக்கே திருப்பி மாட்டினாள். உடனே துடித்தது. 97. கீழே டேப்லெட், கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக ஒரு மணி அடித்தது.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், போர்கில்ட் மெல்லத் தன் நெஞ்சில் கையை வைத்தாள். அழுத்தி வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். கைக்குத் துடிப்பு ஒன்றும் தட்டுப்படவில்லை.