நாலு மடங்குத் தொப்பி

போன வருடம் ஏரிக்கரையில் எடுத்த போட்டோவில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. பள்ளியின் கோடைச் சுற்றுலாவில் படகுக்கு நாலு பேர் ஏறுவார்கள். இறங்கியதும் அந்த நாலு பேரையும் துறையில் நிற்க வைத்து ஒரே ஒரு படம் எடுப்பார்கள். மற்ற மூவரும் எப்படியோ கண்ணைச் சுருக்கிச் சமாளித்துவிட்டார்கள். அவள் மட்டும் சுத்தமாக மூடிவிட்டாள். அந்தப் படம் ஒரு வருடம் வகுப்புச் சுவரில் தொங்கியது. அவளுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயரும் வந்தது.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர்.

"மேகம்! கொஞ்சம் கீழ இறங்கி வாம்மா, சாப்பாடு ஆறுது!" என்று அம்மா கூப்பிடுவாள். கற்பனையிலிருந்து மேகம் இறங்கி வர எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.

இந்த வருடச் சுற்றுலாவுக்கு மேகம் ஒரு கனவு வைத்திருந்தாள். தலையில் அகலமான தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு அழகான பை. படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "யார் இந்தப் பொண்ணு? கப்பல்ல வந்து இறங்கினவளா?" என்று கேட்க வேண்டும்.

பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த பணம் அவள் கையில் இருந்தது. அம்மாவும் அவளும் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று, ரிப்பன் கட்டிய தொப்பி ஒன்றை மேகம் தலையில் வைத்தாள். கடை மெல்ல அசைந்தது. கூரையில் சுற்றிய மின்விசிறி கடல் காற்றானது. அலமாரிகள் எல்லாம் அலைமேல் ஏறி இறங்கின.

"விலையைப் பார்த்தியா?" என்றாள் அம்மா.

கப்பல் தரை தட்டியது. மாமா கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு தொப்பிக்கே சரியாய்ப் போய்விடும்.

மேகம் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். உடனே கடை முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிரம்பியது. கல்லாவில் இருந்த கடைக்கார அக்கா பெரிய மீனைப் போல வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். மேகம் சிரித்துவிட்டாள்.

"மூணும் வேணும்மா."

"மூணும் வேணும்னா மூணுமே மட்டமானதாத்தான் கிடைக்கும். ஏரிக்குப் போறதுக்குள்ள உடைஞ்சிடும். பணம் உன்னோடது. நல்லா யோசி."

மேகம் யோசித்தாள். தொப்பி என்பது துணி. பையும் துணி. துணி என்றால் அம்மா இருக்கிறாள். ஆனால் கண்ணாடியை யாராலும் தைக்க முடியாது.

"கண்ணாடியை மட்டும் நல்லதா வாங்கிக்கறேன். மத்தது வீட்டுலயே பண்ணிக்கலாம்."

"ஓஹோ! தைக்கிறது யாராம்?"

"நீதான்! பழைய பைக்கு நானே குஞ்சம் கட்டிக்கறேன்."

மிச்சப் பணத்தில் இருவரும் ஆளுக்கொரு ஐஸ் சாப்பிட்டபடி வீட்டுக்கு நடந்தார்கள்.

அம்மா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தாள். வெட்டி மீந்த துண்டுகளை முதலாளி அவளுக்குக் கொடுத்துவிடுவார். வீட்டில் ஒரு பெட்டி நிறைய அந்தத் துணிதான். அதில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணி ஒன்றை மேகம் எடுத்தாள். வெயில் புகாத கெட்டித் துணி.

"தலையோட சுற்றளவு என்ன?" என்று தையல் மெஷினில் இருந்தபடியே அம்மா கேட்டாள்.

மேகம் அளவு நாடாவால் தலையை அளந்தாள். அம்மாவின் தொழில் அவளுக்கும் அத்துப்படி. ஜன்னல் எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டு மடங்கு துணி வெட்ட வேண்டும். அப்போதுதான் மடிப்பு அழகாக விழும். அதனால் அளவை இரண்டு மடங்காக்கிச் சொன்னாள்.

அம்மாவுக்கு அது தெரியாது. கை பழக்கம் விடுமா? மகள் சொன்ன அளவை அவளும் இரண்டு மடங்காக்கி வெட்டினாள்.

உச்சிக்கு ஒரு நாடா, நெற்றிக்கு ஒரு நாடா கோத்து, ஓரங்களைப் பட்டனால் சேர்த்தாள். நாடாக்களை இழுத்துச் சுருக்கியதும் அது தொப்பியானது. மேகம் அதைத் தலையில் வைத்தாள்.

தோள் தாண்டிப் போனது விளிம்பு. அலை அலையாக மடிப்புகள்!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ எத்தனை மடங்கு சொன்னே?"

"ரெண்டு. நீ எத்தனை மடங்கு வெட்டினே?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிரிச்சுச் சின்னதாக்கிடவா?"

மேகம் கண்ணாடியில் பார்த்தாள். தலையைச் சுற்றி ஒரு குட்டிக் கடலே அலையடித்தது. "வேண்டாம்மா. இது கடைத் தொப்பியை விட நல்லாருக்கு."

சுற்றுலா நாள் வந்தது. நீலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, திரைக் குஞ்சம் ஆடும் பை. மேகம் மிதந்துகொண்டே பஸ்ஸில் ஏறினாள்.

"ஏ தூங்குமூஞ்சி! உன் தலையில யாரு ஜன்னல் வச்சது?" என்றான் ஒட்டடைக்குச்சி. வகுப்பிலேயே உயரமானவன், ஒல்லியானவன். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

பஸ்ஸே சிரித்தது. படம் வரட்டும், அது பேசும் என்று மேகம் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

படகுச் சவாரி முடியும்போது சாயங்காலம். போன வருடத்தைப் போலவே வெயில் தண்ணீர்மேல் சாய்ந்து, துறையில் நிற்கிறவர்களின் முகத்தில் நேராக விழுந்தது. மேகமும் ஒட்டடைக்குச்சியும் ஒரே படகு. முதலில் இறங்கியது அவர்கள்தான். நாலு பேரும் வரிசையில் நின்றார்கள்.

போட்டோக்கார அண்ணன் கையைக் காட்டினார். "பாப்பா, அந்தக் கண்ணாடியைக் கழட்டு. முகம் தெரியணும்ல?"

மேகம் அதைக் கழற்றித் தொப்பிமேல் ஏற்றிக்கொண்டாள். வெயில் சுளீரென்று கண்ணைக் குத்தியது.

தொப்பி விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். கண்ணுக்கு நிழல் வந்தது. ஆகா! இப்படியே நின்றால் போதும். இந்த வருடம் அவள் கண் திறந்திருக்கும்.

பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒட்டடைக்குச்சியின் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

"என்னடா?"

"கண்ணைத் திறக்கவே முடியல. இப்படியே எடுத்துட்டா ஒரு வருஷம் செவுத்துல தொங்கணுமே!"

அப்படித் தொங்குவது எப்படியிருக்கும் என்று அந்த வகுப்பில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மேகம் ஆசையோடு ஒருமுறை தொப்பியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அண்ணா, ஒரு நிமிஷம்!" என்று சொல்லித் தொப்பியை எடுத்தாள். கண்ணாடியைத் தலைமேல் செருகிக்கொண்டு இரண்டு நாடாக்களையும் சரசரவென்று உருவினாள். பட்டன்களைக் கழற்றினாள். தொப்பி மறுபடி திரையானது. நாலு தலைக்கான நீளம்!

பஸ் ஓட்டுநரும் படகுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கேமராவுக்குப் பின்னால் உயரமாக விரித்தார்கள். நாலு பேர் முகத்திலும் குளுகுளுவென்று நிழல் விழுந்தது.

ஒட்டடைக்குச்சி ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தான். "ஏ... தெரியுது!"

கிளிக்!

"எங்களுக்கும்! எங்களுக்கும்!" என்று அடுத்த படகில் வந்தவர்கள் ஓடி வந்தார்கள். கடைசிப் படகு வரைக்கும் அந்தத் திரை இறங்கவே இல்லை. கை வலிக்கிறது என்று ஓட்டுநர் சொன்னபோது அவர் முனையை வாங்கிப் பிடித்தது ஒட்டடைக்குச்சி. அவனுக்குத்தான் உயரம் எட்டியது.

திரும்பும்போது அவன் அடுத்த சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "மேகம்னுதானே உங்க வீட்டுல கூப்பிடுவாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல மேகம். இந்த மாதிரி ஒரு தொப்பி உங்கம்மா எனக்கும் தைப்பாங்களா?"

அடுத்த வாரம் படத்தின் பிரதி ஒன்று வீட்டுக்கும் வந்தது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தாள். நாலு பேரின் எட்டுக் கண்களும் பளிச்சென்று திறந்திருந்தன. தலைமேல் ஏற்றிய கறுப்புக் கண்ணாடி மேகத்துக்கு ஒரு குட்டிக் கிரீடம் போல இருந்தது. ஆனால், மற்ற மூவரும் கேமராவைப் பார்க்க, மேகம் மட்டும் எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கேடி பார்க்கிறே?"

"நம்ம திரையைம்மா. காத்துல அப்படியே உப்பிப்போய், கப்பல் கிளம்புற மாதிரியே இருந்துச்சு. நான் ஏறிட்டேன்."

அம்மா படத்தை மறுபடி பார்த்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சரிதான். போன வருஷம் கண்ணை மூடிக்கிட்டு. இந்த வருஷம் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கியிருக்கே!"